ஃபைல்பீட் முதல் கிபானா வரை: லாக் எங்கே நின்றுபோனது என்று கண்டுபிடிக்கும் வழிமுறை

அப்ளிகேஷன் சர்வரில், லாக் சேகரித்து அனுப்பும் மென்பொருளான ஃபைல்பீட் லாக் கோப்பைப் படிக்கிறது. போர்ட் 5044 வழியாக லாக்ஸ்டாஷுக்கு அனுப்புகிறது. லாக்ஸ்டாஷ் ஒவ்வொரு வரியையும் பிரித்து, போர்ட் 9200 வழியாக எலாஸ்டிக்சர்ச் என்ற தேடல் தரவுத்தளத்தில் சேர்க்கிறது. அதன் திரையான கிபானாவில் நாம் பார்க்கிறோம். கீழே உள்ளதெல்லாம் இந்த அமைப்பை வைத்து எழுதப்பட்டது. இந்த மென்பொருள்களின் பதிப்பு 8, 9 இரண்டுக்கும் பொருந்தும். வேறுபாடு இருக்கும் இடங்களில் தனியாகக் குறிப்பிட்டிருக்கிறோம்.

"லாக் வரவில்லை" என்று சொன்னதும் கான்ஃபிக் கோப்பைத் திறக்காதீர்கள். வரி எந்த இடம் வரை வந்தது என்று தெரியாமல் மாற்றும் ஒவ்வொரு அமைப்பும் அடுத்த சிக்கலுக்கு விதை. முதலில் எண்ணிக்கையைப் பாருங்கள்.

எண்ணிக்கை எங்கே நிற்கிறது?

ஃபைல்பீட் 30 நொடிக்கு ஒருமுறை தன்னுடைய லாகில் 'நான்-ஜீரோ மெட்ரிக்ஸ் இன் த லாஸ்ட் 30எஸ்' என்று ஒரு நீண்ட வரி எழுதும். அதில் மூன்று எண்கள் போதும். ஹார்வெஸ்டர் (கோப்பைப் படிக்கும்) பகுதியில் 'ஓப்பன்_ஃபைல்ஸ்', பைப்லைன் பகுதியில் 'பப்ளிஷ்டு', அவுட்புட் பகுதியில் 'அக்டு'. 'ஓப்பன்_ஃபைல்ஸ்' சுழியமானாலும் 0 என்று வரும். 'பப்ளிஷ்டு', 'அக்டு' போன்ற எண்ணிக்கைகள் சுழியமானால் இந்த வரி அவற்றைக் காட்டவே காட்டாது. ஆகவே 'அக்டு' என்ற சொல்லே அந்த வரியில் இல்லையென்றால், கடந்த 30 நொடியில் எதிர்முனை ஒரு வரியைக்கூடப் பெற்றுக்கொண்டதாகச் சொல்லவில்லை என்று பொருள்.

லாக்ஸ்டாஷ் போர்ட் 9600-இல் தன் கணக்கைத் தரும். அந்தச் சர்வரிலேயே கர்ல் போட்டு '_நோட்/ஸ்டாட்ஸ்/பைப்லைன்ஸ்' கேளுங்கள். ஈவென்ட்ஸ் பகுதியில் 'இன்', 'அவுட்' இருக்கும். எலாஸ்டிக்சர்ச் அவுட்புட்டின் கீழே 'டாக்குமெண்ட்ஸ்' பகுதியில் 'சக்ஸஸஸ்', 'நான்_ரிட்ரையபிள்_ஃபெயிலியர்ஸ்' இருக்கும். லாக்ஸ்டாஷ் தொடங்கியதிலிருந்து சேர்ந்த மொத்தம் இவை. அதனால் ஒரு நிமிட இடைவெளியில் இருமுறை எடுத்துக் கழித்துப் பாருங்கள். 'நான்_ரிட்ரையபிள்_ஃபெயிலியர்ஸ்' எண் பலருக்குத் தெரியாது. "சில வரிகள் மட்டும் காணாமல் போகின்றன" என்ற புகாருக்குப் பெரும்பாலும் இதில்தான் விடை இருக்கும்.

எலாஸ்டிக்சர்ச்சில் அந்த லாக் சேரும் இண்டெக்ஸுக்கு (ஆவணத் தொகுப்பு) '_கவுண்ட்' கேளுங்கள். கேட்கும்போது நேர வடிகட்டி எதுவும் வேண்டாம். ஏன் என்பது பின்னால் வரும்.

'ஓப்பன்_ஃபைல்ஸ்' 0 என்றால் அடுத்த பகுதி. 'அக்டு' இல்லையென்றால் அதற்கு அடுத்தது. 'அவுட்' ஏறுகிறது, ஆனால் 'சக்ஸஸஸ்' ஏறவில்லை என்றால் 'சில வரிகள் மட்டும் இல்லை' பகுதி. எல்லாம் ஏறுகின்றன, கண்ணில் மட்டும் படவில்லை என்றால் 'கிபானாவில் மட்டும் வெறுமை' பகுதி.

அறிகுறி: ஃபைல்பீட் ஓடுகிறது, ஒரு கோப்பையும் திறக்கவில்லை

நிறுவும்போது வரும் மாதிரிக் கான்ஃபிக்கில் ஃபைல்ஸ்ட்ரீம் இன்புட் 'எனேபிள்டு: ஃபால்ஸ்' என்றே இருக்கும். பாதையை மாற்றிவிட்டு இதை மறப்பது சாதாரணம். அடுத்து அனுமதி. டெபியன், உபுண்டுவில் சிஸ்லாக் கோப்பை அதன் உரிமையாளரும் 'adm' குழுவும் மட்டுமே படிக்கலாம். ஃபைல்பீட்டை ரூட் அல்லாத பயனராக ஓட்டினால் அந்தப் பயனரை அந்தக் குழுவில் சேர்க்க வேண்டும். கோப்புக்கு மட்டுமல்ல, அதற்கு மேலே உள்ள ஒவ்வொரு ஃபோல்டருக்கும் நுழையும் அனுமதி வேண்டும். 'இக்னோர்_ஓல்டர்' போட்டிருந்தால் அந்த வயதைத் தாண்டிய கோப்பு தொடப்படாது. யாமல் (YAML) வடிவக் கான்ஃபிக்கில் டேப் எழுத்து நுழைந்திருந்தால் 'ஃபைல்பீட் டெஸ்ட் கான்ஃபிக்' கட்டளை உடனே சொல்லிவிடும்.

சோதனைக் கோப்பு தனியாக ஒரு குழப்பம் தரும். எக்கோ கட்டளையால் ஒரு வரி எழுதி, அது வருகிறதா என்று பார்ப்பது எல்லோருக்கும் பழக்கம். பதிப்பு 9 முதல் ஃபைல்ஸ்ட்ரீம் இயல்பாக ஒரு கோப்பை அதன் ஐனோட் எண்ணால் (கோப்புக்கு இயங்குதளம் தரும் எண்) அடையாளம் காண்பதில்லை. முதல் 1024 பைட்டின் கைரேகையால் (அவற்றிலிருந்து கணக்கிடும் அடையாளம்) காண்கிறது. 1024 பைட் சேரும் வரை கோப்பைப் படிக்கத் தொடங்காது. ஒரு வரிச் சோதனைக் கோப்பு எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் வராது. அதில் தவறு ஒன்றும் இல்லை. சோதிக்க நூறு வரி எழுதுங்கள். ஒவ்வொரு கோப்பின் தொடக்கத்திலும் ஒரே நீண்ட தலைப்புப் பகுதியை எழுதும் அப்ளிகேஷன்களில் இதே கைரேகை வேறு தொல்லை தரும்: முதல் 1024 பைட் ஒன்றாக இருக்கும் இரண்டு கோப்புகளை ஃபைல்பீட் ஒரே கோப்பாக எண்ணிவிடும். அங்கே கைரேகையின் தொடக்க இடத்தைத் தலைப்பைத் தாண்டித் தள்ளி வையுங்கள்.

இன்னொன்று: வரி முடிவுக் குறி இல்லாத கடைசி வரியை ஃபைல்பீட் அனுப்பாது. "எப்போதும் ஒரு வரி பின்னால் வருகிறது" என்றால் அப்ளிகேஷன் வரியின் முடிவில் அல்லாமல், தொடக்கத்தில் அந்தக் குறியை எழுதுகிறதா என்று பாருங்கள்.

அறிகுறி: படிக்கிறது, லாக்ஸ்டாஷ் ஏற்கவில்லை

'ஃபைல்பீட் டெஸ்ட் அவுட்புட்' ஓட்டுங்கள். பெயர் தேடல், இணைப்பு, டிஎல்எஸ் (இணைப்பை மறைகுறியாக்குவது) என்று படிப்படியாகச் சோதித்து எதில் நின்றது என்று காட்டும்.

'கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு' என்றால் அந்தப் போர்ட்டில் யாரும் கேட்கவில்லை. லாக்ஸ்டாஷ் ஓடிக்கொண்டிருந்தாலும் பைப்லைன் கான்ஃபிக்கில் பிழை இருந்தால் 5044 திறக்காது. சர்வீஸ் நிலை பச்சையாகக் காட்டுவதை நம்ப வேண்டாம். லாக்ஸ்டாஷின் லாகைப் படியுங்கள். பதிப்பு 9-க்கு ஏற்றிய பிறகு இது நடந்தால், பீட்ஸ் இன்புட்டில் (லாக்ஸ்டாஷில் ஃபைல்பீட்டின் வரிகளைப் பெறும் பகுதி) பழைய 'எஸ்எஸ்எல்' அமைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். அது நீக்கப்பட்டுவிட்டது, இப்போது 'எஸ்எஸ்எல்_எனேபிள்டு'. 'ஐ/ஓ டைம்அவுட்' என்று இணைக்கும்போதே வந்தால் நடுவில் ஃபயர்வால் நிற்கிறது.

டிஎல்எஸ் குழப்பத்தில் எந்தப் பக்கம் தவறு என்பதை லாக்ஸ்டாஷின் ஒரு எண்ணே சொல்லிவிடும். 'இன்வேலிட் வெர்ஷன் ஆஃப் பீட்ஸ் புரோட்டோகால்: 22' என்று வந்தால், ஃபைல்பீட் டிஎல்எஸ் பேசுகிறது, லாக்ஸ்டாஷ் அதை எதிர்பார்க்கவில்லை. டிஎல்எஸ் கைகுலுக்கலின் முதல் பைட்டின் மதிப்பு 22. அதே செய்தியில் 71 வந்தால், அது ஆங்கில 'ஜி' எழுத்தின் ஆஸ்கி எண். யாரோ எச்டிடிபி 'கெட்' அனுப்புகிறார்கள்: லோட் பேலன்சரின் நலச் சோதனையாகவோ, யாராவது பிரவுசரில் அந்தப் போர்ட்டைத் திறந்ததாகவோ இருக்கும். லோட் பேலன்சரின் சோதனையை டிசிபி வகைக்கு மாற்றினால் செய்தி நின்றுவிடும்.

ஃபைல்பீட் பக்கம் 'சர்ட்டிஃபிகேட் சைன்டு பை அன்நோன் அத்தாரிட்டி' என்றால் சான்றிதழை வழங்கிய அமைப்பின் (சிஏ) சான்றிதழ் இருக்கும் பாதையைக் கொடுக்கவில்லை. 'டஸ்ன்ட் கண்டெய்ன் எனி ஐபி சான்ஸ்' என்றால் ஐபி முகவரியால் இணைக்கிறீர்கள், சான்றிதழில் பெயர் மட்டும் இருக்கிறது. சான்றிதழை மீண்டும் உருவாக்குங்கள், அல்லது பெயரால் இணையுங்கள். சரிபார்ப்பையே அணைத்துவிடுவது தீர்வல்ல. லாகில் பயனர் விவரமும் டோக்கனும் போகின்றன. லாக்ஸ்டாஷ் பக்கச் சாவி பிகேசிஎஸ்8 வடிவில் இருக்க வேண்டும். பழைய வடிவில் இருந்தால் ஓப்பன்எஸ்எஸ்எல்லின் 'பிகேசிஎஸ்8' கட்டளையால் மாற்றலாம்.

அறிகுறி: எல்லா எண்ணும் ஏறுகிறது, கிபானாவில் மட்டும் வெறுமை

இதற்கு இரண்டு காரணங்கள் அதிகம்: பெயர், நேரம்.

பெயரை விரைவாக முடித்துவிடலாம். லாக்ஸ்டாஷ் 8 முதல், எலாஸ்டிக்சர்ச் அவுட்புட்டில் இண்டெக்ஸ் பெயர் எதுவும் தராவிட்டால், தரவு 'லாக்ஸ்-ஜெனரிக்-டிஃபால்ட்' என்ற டேட்டா ஸ்ட்ரீமுக்குப் போகும். கிபானாவில் டேட்டா வியூ (எந்த இண்டெக்ஸ்களைக் காட்டுவது என்ற அமைப்பு) பழையபடி 'லாக்ஸ்டாஷ்-*' என்று இருந்தால் ஒன்றும் தெரியாது. எலாஸ்டிக்சர்ச்சிடம் '_கேட்/இண்டிசஸ்' கேட்டு, எந்தப் பெயரின் எண்ணிக்கை ஏறுகிறது என்று பாருங்கள்.

நேரம்தான் நம் பக்கத்தில் ஆளைச் சுற்றவைப்பது. ஒரு வரியை எடுத்துக்கொள்வோம்:

2025-03-14 10:20:05 பேமெண்ட் தோல்வி, ஆர்டர் 48213

சர்வர் இந்திய நேரத்தில் இருக்கிறது. வரியில் நேர மண்டலம் இல்லை. லாக்ஸ்டாஷ் ஒரு கண்டெய்னரில், யூடிசியில் (உலகப் பொது நேரம்) ஓடுகிறது. வரியில் உள்ள நேரத்தைப் படிக்கும் டேட் ஃபில்டருக்கு மண்டலம் சொல்லாவிட்டால் அது தான் ஓடும் இயந்திரத்தின் மண்டலத்தை எடுத்துக்கொள்ளும். ஆகவே 10:20 யூடிசி என்று '@டைம்ஸ்டாம்ப்' பதிவாகும். சென்னையில் பிரவுசரைத் திறந்தால் கிபானா அதை உள்ளூர் நேரத்துக்கு மாற்றி, பிற்பகல் 3:50 என்று காட்டும். காலை 10:25-க்குக் 'கடந்த 15 நிமிடம்' பார்ப்பவருக்கு அது எதிர்காலம், ஒன்றும் வராது. 'கடந்த 7 நாள்' என்று விரித்தாலும் இன்று காலை வரிகள் வராது, ஏனென்றால் அந்த வரம்பு 'இப்போது' என்பதோடு முடிகிறது. ஐந்தரை மணி நேரம் கழித்து அதே வரிகள் தாமாகத் தோன்றும். "காலையில் லாக் இல்லை, சாயங்காலம் வந்துவிட்டது" என்று யாராவது சொன்னால், நெட்வொர்க்கைத் தேடாமல் இதைத் தேடுங்கள். கொழும்பிலும் இதே ஐந்தரை மணி நேரம். சிங்கப்பூர், கோலாலம்பூர் சர்வர்களில் எட்டு மணி நேரம்.

உறுதிசெய்யும் வழி: எலாஸ்டிக்சர்ச்சில் நேர வரம்பில்லாமல், '@டைம்ஸ்டாம்ப்' இறங்குவரிசையில் ஒரே ஒரு ஆவணத்தைக் கேளுங்கள். அதன் நேரம் சரியாக 5:30 மணி நேரம் எதிர்காலத்தில் இருந்தால் நோய் இதுதான். நேர்மாறான வழக்கும் உண்டு: சர்வர் யூடிசியில் எழுத, ஃபில்டரில் 'ஏஷியா/கொல்கத்தா' என்று போட்டிருந்தால் எல்லா வரியும் 5:30 மணி நேரம் கடந்த காலத்தில் போய் விழும். வந்துகொண்டே இருக்கும், ஆனால் யாரும் பார்க்கும் சாளரத்தில் இராது.

டேட் ஃபில்டரில் 'டைம்சோன்' என்று அந்தச் சர்வரின் மண்டலத்தைக் குறிப்பிடுவது முதலுதவி. சர்வர்கள் பல மண்டலங்களில் இருந்தால் ஃபைல்பீட்டில் ஒவ்வொன்றுக்கும் ஒரு புலம் சேர்த்து அனுப்பி, அந்தப் புலத்தையே மண்டலமாகக் கொடுங்கள். நிலையான தீர்வு, அப்ளிகேஷனே '+05:30' அல்லது 'இசட்' சேர்த்து ஐஎஸ்ஓ 8601 வடிவில் எழுதுவது. டெவலப்பர்களிடம் ஒரே ஒரு விஷயம் கேட்கும் வாய்ப்பு கிடைத்தால் இதைக் கேளுங்கள்.

டேட் ஃபில்டர் தோற்றால் அறிகுறி வேறாக இருக்கும். '_டேட்பார்ஸ்ஃபெயிலியர்' என்ற டேக் விழும். '@டைம்ஸ்டாம்ப்' ஆக வரியைப் படித்த நேரமே நிற்கும். நேற்று இரவு தேங்கிய லட்சம் வரிகள் இன்று காலை ஒரே நிமிடத்தில் நடந்தது போல வரைபடத்தில் ஒரு கம்பம் எழும். அதைப் பார்த்து டிராஃபிக் ஏறிவிட்டது என்று அலாரம் அடிப்பார்கள். மாதத்தின் முதல் ஒன்பது நாள் மட்டும் இந்த டேக் வருகிறதா? பழைய சிஸ்லாக் வடிவத்தில் ஒற்றை இலக்கத் தேதிக்கு முன் சுழியம் இல்லை, கூடுதலாக ஓர் இடைவெளி இருக்கும். ஒற்றை இலக்கத்துக்கு ஒன்று, இரட்டை இலக்கத்துக்கு ஒன்று என்று இரண்டு வடிவங்களையும் ஃபில்டரில் கொடுங்கள். அந்த வடிவத்தில் ஆண்டும் இல்லை, மண்டலமும் இல்லை. முடிந்தால் ஆர்எஃப்சி 5424 வடிவத்துக்கு மாறுங்கள்.

டேட் ஃபில்டருக்கு முன்னால் '@டைம்ஸ்டாம்ப்'பை இன்னொரு புலத்தில் பிரதி எடுத்து வையுங்கள். வரி எழுதப்பட்ட நேரம், ஃபைல்பீட் படித்த நேரம் இரண்டும் கையில் இருந்தால், வித்தியாசமே தாமதத்தின் அளவு. மேலே சொன்ன எல்லா நேரக் கோளாறுகளையும் அந்த ஒரு கழித்தல் காட்டிக்கொடுக்கும்.

அறிகுறி: பெரும்பாலானவை வருகின்றன, சில வரிகள் மட்டும் இல்லை

'நான்_ரிட்ரையபிள்_ஃபெயிலியர்ஸ்' ஏறுகிறதா? லாக்ஸ்டாஷ் லாகில் 'குட் நாட் இண்டெக்ஸ் ஈவென்ட் டு எலாஸ்டிக்சர்ச்', ஸ்டேட்டஸ் 400 என்று எச்சரிக்கை இருக்கும். 429, 503 வந்தால் லாக்ஸ்டாஷ் மீண்டும் மீண்டும் முயலும். 400 வந்தால் முயலாது, வரி போய்விட்டது. அந்தச் செய்தியின் முன்பகுதியைப் பார்த்து நிறுத்திவிடாமல் கடைசியில் உள்ள 'காஸ்ட் பை' வரை படியுங்கள். உண்மையான காரணம் அங்கேதான் எழுதியிருக்கும்.

பெரும்பாலும் வகை மோதல். என்ஜினெக்ஸ் உதாரணத்தில் இது தெளிவாகத் தெரியும். அக்சஸ் லாகில் 'அப்ஸ்ட்ரீம்_ரெஸ்பான்ஸ்_டைம்' எழுதுகிறோம். இண்டெக்ஸ் டெம்ப்ளேட்டில் அதை 'ஃப்ளோட்' (தசம எண்) என்று அறிவித்திருக்கிறோம். சாதாரணமாக 0.012 என்று வரும், சேரும். பின்னணிச் சர்வரைத் தொடாமல் என்ஜினெக்ஸே பதில் சொன்ன கோரிக்கைகளுக்கு '-' என்று ஒரு கோடு வரும். அது எண் அல்ல, 400. முதல் பின்னணிச் சர்வர் தோற்று இரண்டாவதற்குப் போன கோரிக்கைகளுக்கு '3.001, 0.034' என்று காற்புள்ளியுடன் இரண்டு எண் வரும், அதுவும் 400. எந்தக் கோரிக்கைகள் சிக்கலில் மாட்டினவோ, சரியாக அவற்றின் வரிகளே கழிந்துபோகின்றன. டாஷ்போர்டு எல்லாம் நலம் என்று காட்டும். லாக் சேகரிப்பில் இதைவிட மோசமான இழப்பு கிடையாது.

ஃபில்டரில் இப்படிச் செய்யுங்கள்: மதிப்பு '-' என்றால் அந்தப் புலத்தை நீக்குங்கள். காற்புள்ளி இருந்தால் பிரித்து, எண்களின் கூட்டலை இந்தப் புலத்திலும் முயற்சிகளின் எண்ணிக்கையை வேறொரு புலத்திலும் வையுங்கள். உள்வழித் திருப்பம் நடந்தால் நடுவில் முக்காற்புள்ளியும் வரும் என்பதை மறக்க வேண்டாம். அபாச்சியிலும் இதன் தம்பி உண்டு: '%பி' சிற்றெழுத்தில் எழுதினால் உடல் இல்லாத பதிலுக்குக் கோடு வரும், பேரெழுத்தில் எழுதினால் 0 வரும். அங்கே ஓர் எழுத்தை மாற்றினால் போதும்.

இண்டெக்ஸ் அமைப்பில் 'இக்னோர்_மால்ஃபார்ம்டு' போட்டால், பொருந்தாத புலத்தை மட்டும் விட்டுவிட்டு ஆவணம் சேரும். எந்தப் புலம் விடப்பட்டது என்பது '_இக்னோர்டு' புலத்தில் நிற்கும். நல்ல பாதுகாப்பு வலை. ஆனால் ஆப்ஜெக்ட் வகைக்கு இது உதவாது. 'ஹோஸ்ட்' புலத்தின் புகழ்பெற்ற மோதல் அந்த வகைதான். ஃபைல்பீட் 'ஹோஸ்ட்' என்பதை உள்ளே 'நேம்' முதலியவை கொண்ட ஆப்ஜெக்டாக அனுப்புகிறது. பழைய அமைப்பில் ஓடும் டிசிபி, சிஸ்லாக் இன்புட்டுகள் அதே பெயரில் வெறும் சரத்தை வைக்கின்றன. இரண்டும் ஒரே இண்டெக்ஸுக்குப் போனால் பிந்தி வந்தது தள்ளப்படும். சரமாக வந்ததை 'ஹோஸ்ட்' அடியில் 'நேம்' என்று மியூட்டேட் ஃபில்டரால் பெயர் மாற்றுங்கள்.

'லிமிட் ஆஃப் டோட்டல் ஃபீல்ட்ஸ் [1000]' என்று வந்தால், ஜேசனில் பயனர் எண்ணையோ ஆர்டர் எண்ணையோ சாவியாகவே எழுதுகிறார்கள். வரம்பை ஏற்றினால் அடுத்த வாரம் மீண்டும் இதே இடத்தில் நிற்பீர்கள். அந்தப் பகுதியை 'ஃபிளாட்டென்டு' வகையாக அறிவியுங்கள்.

இதையெல்லாம் திருத்துவதற்கு முன் டெட் லெட்டர் க்யூவை இயக்குங்கள். எலாஸ்டிக்சர்ச் 400, 404 என்று தள்ளிய வரிகள் டிஸ்கில் சேரும். ஃபில்டரைத் திருத்திய பிறகு அவற்றைத் திரும்ப ஓட்டிக்கொள்ளலாம். இயல்பாக இது அணைந்திருக்கிறது. இயக்குவதற்கு முன் போன வரிகளை அதனால் மீட்க முடியாது.

அறிகுறி: திடீரென்று எல்லாமே நின்றுவிட்டது

எலாஸ்டிக்சர்ச் டிஸ்கைப் பாருங்கள். 85 சதவீதம் தாண்டினால் அந்த நோடில் (கிளஸ்டரின் ஒரு சர்வர்) புதிய ஷார்டு (இண்டெக்ஸின் ஒரு துண்டு) வைக்காது. 90 தாண்டினால் இருக்கும் ஷார்டுகளை வேறு நோடுக்கு நகர்த்தப் பார்க்கும். 95 தாண்டினால் அந்த நோடில் ஷார்டு உள்ள இண்டெக்ஸ்கள் எழுத முடியாதபடி பூட்டப்படும், 'கிளஸ்டர்_பிளாக்_எக்ஸப்ஷன்' வரும். லாக்ஸ்டாஷ் இதை விடாமல் மீண்டும் முயல்வதால், பூட்டப்படாத இண்டெக்ஸுக்குப் போக வேண்டிய வரிகளும் அதே பைப்லைனில் பின்னால் மாட்டிக்கொள்ளும்.

பழைய இண்டெக்ஸை முழுதாக நீக்குங்கள். ஆவணங்களைத் தேடி அழிக்கும் கட்டளை பூட்டிய இண்டெக்ஸில் ஓடாது; ஓடினாலும் இடம் உடனே திரும்பாது. டிஸ்க் பயன்பாடு 90 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் பூட்டு தானாகத் திறக்கும். பதிப்பு 7.4-க்கு முந்தையவற்றில்தான் கையால் திறக்க வேண்டும்.

டிஸ்கில் இடம் இருந்தும் நள்ளிரவு யூடிசிக்கு, அதாவது நமக்குக் காலை 5:30-க்கு நின்றதா? அன்றைய புதிய இண்டெக்ஸை உருவாக்க முடியவில்லை. ஒரு நோடுக்கு 1000 ஷார்டு என்பது இயல்பு வரம்பு. 20 சர்வீஸ், ஒவ்வொன்றுக்கும் நாளுக்கு ஓர் இண்டெக்ஸ், ஒரு பிரைமரி (மூல ஷார்டு), ஒரு ரெப்ளிகா (அதன் பிரதி): 25 நாளில் ஆயிரம். ஒரே நோடு உள்ள கிளஸ்டரில் ரெப்ளிகா வைக்க இடமே இல்லை, ஆனாலும் கணக்கில் சேரும். அங்கே ரெப்ளிகாவை 0 ஆக்கினால் பாதி உடனே குறையும். பிறகு நாள் கணக்கை விட்டு அளவுக் கணக்கில் ரோலோவர் (புது இண்டெக்ஸுக்கு மாறுவது) வையுங்கள். பிரைமரி ஷார்டு 50 ஜிபி ஆகும்போது என்பது நல்ல தொடக்கம். வரம்பு எண்ணை ஏற்றுவது ஒரு இரவைத் தாண்ட மட்டும் உதவும்.

அறிகுறி: ஒரே வரி இரண்டு முறை வருகிறது

ஃபைல்பீட் தரும் உறுதி 'குறைந்தது ஒருமுறை'. ஒப்புதல் வருவதற்குள் இணைப்பு அறுந்தால் அதே தொகுதியை மீண்டும் அனுப்பும். எப்போதோ சில வரிகள் இரட்டித்தால் அது இயல்பு. எல்லா வரியும் இரட்டித்தால் காரணம் வேறு.

எப்போதும், சரியாக இருமடங்கு என்றால் லாக்ஸ்டாஷின் 'கான்ஃப்.டி' ஃபோல்டரைப் பாருங்கள். அதில் '.கான்ஃப்' என்று முடியும் எல்லாக் கோப்பும் ஒன்றாக ஒட்டப்பட்டு ஒரே பைப்லைனாக ஓடும். பழையதைப் பத்திரப்படுத்த 'ஓல்டு-ஆப்.கான்ஃப்' என்று பிரதி எடுத்திருந்தால், அதன் அவுட்புட்டும் வேலை செய்கிறது.

லாக் சுழலும் (பழைய கோப்பை ஒதுக்கிப் புதியது தொடங்கும்) நேரத்தில் மட்டும் இரட்டித்தால், காரணம் அதைச் செய்யும் லாக்ரொட்டேட்டின் 'காப்பிட்ரன்கேட்' முறை. இது கோப்பைப் பிரதி எடுத்துவிட்டு மூலத்தைக் காலியாக்கும். பதிப்பு 8-இல் கோப்பின் இயல்பான அடையாளம் ஐனோட், பிரதிக்கு அது புதியது. ஃபைல்பீட்டின் பாதை 'ஆப்.லாக்*' என்று இருந்தால், 'ஆப்.லாக்.1' புதுக் கோப்பு என்று எண்ணி முதலிலிருந்து படிக்கும். பாதையை 'ஆப்.லாக்' என்று சுருக்கினால் இரட்டிப்பு போகும். ஆனால் பிரதி எடுப்பதற்கும் காலியாக்குவதற்கும் நடுவில் எழுதப்பட்ட வரிகள் காணாமல் போவது அப்படியே இருக்கும். அப்ளிகேஷன் கோப்பைத் திரும்பத் திறக்கும் வசதி உள்ளதாக இருந்தால் 'கிரியேட்' முறைக்கு மாறுங்கள்.

ஃபைல்பீட்டை மறுபடி தொடங்கும்போதெல்லாம் எல்லாம் மீண்டும் வருகிறதா? எதுவரை படித்தது என்பதை அது ரெஜிஸ்ட்ரியில் வைக்கிறது. கண்டெய்னரில் அந்த ஃபோல்டருக்கு நிலையான வால்யூம் கொடுக்காவிட்டால் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து படிக்கும். ஃபைல்ஸ்ட்ரீம் இன்புட்டின் 'ஐடி'யை மாற்றினாலும் இதே கதி. அழகுக்காக அந்தப் பெயரைத் திருத்த வேண்டாம்.

கணக்கு, பில்லிங் போன்று இரட்டிப்பே கூடாத இடத்தில் ஃபைல்பீட்டிலேயே 'ஆட்_ஐடி' பிராசசரால் ஒவ்வொரு வரிக்கும் ஓர் எண் கொடுத்து, அதையே ஆவண எண்ணாக லாக்ஸ்டாஷில் பயன்படுத்துங்கள். மறுபடி அனுப்பிய தொகுதி அதே எண்ணில் விழும். கோப்பை மறுபடி படித்தால் புது எண் வரும் என்பதால், ரெஜிஸ்ட்ரி சிக்கலை இது மறைக்காது.

அறிகுறி: ஜாவா பிழைத்தடம் ஐம்பது துண்டாக வருகிறது

மல்டிலைன் அமைப்பை ஃபைல்பீட்டில் வையுங்கள், லாக்ஸ்டாஷில் அல்ல. பல சர்வர்களின் வரிகள் கலந்து வரும் இடத்தில் ஒட்டினால் ஒருவருடைய பிழையின் வால் இன்னொருவருக்கு ஒட்டும். ஃபைல்ஸ்ட்ரீமில் இது 'பார்சர்ஸ்' பகுதிக்குள் வர வேண்டும். பழைய இன்புட்டில் இருந்ததுபோல் மேல்நிலையில் வைத்தால் வேலை செய்யாது. விதி: தேதியில் தொடங்காத வரி முந்தைய வரியின் தொடர்ச்சி. 'நெகேட்: ட்ரூ', 'மேட்ச்: ஆஃப்டர்'. இயல்பு வரம்பு 500 வரி. அதற்கு மேல் உள்ளவை வெட்டப்படும்.

அறிகுறி: வருகிறது, ஆனால் அரை மணி நேரம் தாமதமாக

லாக்ஸ்டாஷ் கணக்கில் ஒவ்வொரு பிளகினுக்கும் 'டியூரேஷன்_இன்_மில்லிஸ்' இருக்கும். அதை வரி எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். வரியைப் புலங்களாகப் பிரிக்கும் கிராக் ஃபில்டர் அதிக நேரம் எடுத்தால், அதன் பொருத்து முறையின் தொடக்கத்தில் நங்கூரக் குறி ('^') இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாவிட்டால், பொருந்தாத ஒவ்வொரு வரியிலும் எல்லா இடத்திலிருந்தும் பொருத்திப் பார்த்துத் தோற்கும். எலாஸ்டிக்சர்ச் அவுட்புட் அதிகம் எடுத்து, லாகில் 429 இருந்தால் லாக்ஸ்டாஷில் வொர்க்கர்களை ஏற்றாதீர்கள், நெரிசல் கூடும். அங்கே தேவை எலாஸ்டிக்சர்ச்சின் திறன்.

லாக்ஸ்டாஷின் நிலையான வரிசையை (வரிகளை டிஸ்கில் தேக்கிவைக்கும் பெர்சிஸ்டென்ட் க்யூ) இயக்கினால் தாமதம் குறையாது, இடைவெளியைத் தாங்கும் அவ்வளவுதான். எவ்வளவு தாங்கும் என்று கணக்குப் போடுங்கள். இயல்பு அளவு 1 ஜிபி. வரி ஒன்றுக்கு 1 கேபி என்றால் பத்து லட்சம் வரி. நொடிக்கு 2000 வந்தால் ஒன்பது நிமிடம்கூட இல்லை. உண்மையில் உங்கள் பெரிய தாங்கி மூலக் கோப்புதான். அது டிஸ்கில் இருக்கும் வரை ஃபைல்பீட் விட்ட இடத்திலிருந்து தொடரும். குபெர்னெட்டிஸில் அந்தத் தாங்கி சிறியது: ஒவ்வொரு நோடிலும் ஓடும் கியூப்லெட் இயல்பாக ஒரு கண்டெய்னருக்கு 10 மெபிபைட் அளவில் 5 கோப்பு வைக்கும். நொடிக்கு 1 மெபிபைட் எழுதும் கண்டெய்னருக்கு அது 50 நொடி; பழையவை ஜிஜிப் ஆகிவிடுவதால் இன்னும் குறைவு. அதிகம் எழுதும் சர்வீஸ்கள் உள்ள நோடுகளில் 'கண்டெய்னர்லாக்மேக்ஸ்சைஸ்' அளவை ஏற்றுங்கள்.

தாமதம் நீடித்தால் அப்ளிகேஷன் சர்வரின் டிஸ்கும் நிரம்பும். டியூ காட்டும் அளவும் டிஎஃப் காட்டும் அளவும் ஒத்துப்போகாவிட்டால் 'எல்எஸ்ஓஎஃப் +எல்1' ஓட்டுங்கள்: லாக்ரொட்டேட் நீக்கிய கோப்புகளை, இன்னும் படித்து முடிக்காததால் ஃபைல்பீட் திறந்தே வைத்திருக்கலாம். ஃபைல்பீட்டை மறுதொடக்கம் செய்தால் இடம் கிடைக்கும், படிக்காத வரிகள் போய்விடும். டிஸ்கில் சில மணி நேரம் மிச்சம் இருந்தால் அதைச் செய்யாமல், அடைப்பு உள்ள முனையை முதலில் திறந்துவிடுங்கள். ஃபைல்பீட் படித்து முடித்துத் தானே கோப்பை மூடும்.